பதினெட்டுக்குக் கொடுத்த காசு

அக்டோபர் மாதத்தில் ஹாலிஸின் துப்பாக்கிக் கடையில் சத்தம் குறைந்தால் ஊரில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். வேட்டைக் காலத்தில் லாரல் ஃபோர்க்கில் இருக்கிற ஆம்பிளை பொம்பிளை அத்தனை பேரும் நாளைக்கு ஒரு தடவையாவது அந்தக் கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றுவிட்டுத்தான் போவார்கள். வாங்க ஒன்றும் இருக்காது. காப்பி இலவசம், வம்பு அதைவிட இலவசம். இந்த மூன்று நாளாக மட்டும் வருகிறவர்கள் தோட்டா டப்பாவை வாங்கிக்கொண்டு, ஹாலிஸின் முகத்தைப் பார்க்காமல், வாயைத் திறக்காமல் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எல்டன் தன் கூடப்பிறந்த தம்பி ராய்ஸைச் சுட்டுவிட்டான். வேண்டுமென்று இல்லை. புல்வெளியில் நின்ற எல்க் மானைத்தான் சுட்டான். நல்ல கொம்பன். குண்டு அதன் விலாவைத் துளைத்துக்கொண்டு போய், கொஞ்சம் திசை மாறி, எண்பது கெஜம் பின்னால் மரக்கூட்டத்தை விட்டு அப்போதுதான் வெளியே வந்த ராய்ஸின் நெஞ்சில் பாய்ந்தது. அவன் அங்கேயே செத்துப்போனான். அந்தத் துப்பாக்கியின் மேல் இருந்த ஸ்கோப், தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டுகிற குறிபார்க்கும் கண்ணாடி, ஹாலிஸ் விற்றது. ரெண்டாயிரத்து எண்ணூறு டாலர். கடையில் இருந்ததிலேயே விலை கூடியது அதுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் துணை ஷெரிஃப் ட்ரூடி கிம்பல் கடைக்கு வந்தாள். எப்போதும் கதவைத் தள்ளும்போதே ஏதாவது கிண்டலோடுதான் வருவாள். அன்றைக்குத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஹாலிஸ், இன்னைக்குச் சாயங்காலம் என்கூட மேட்டுக்கு வரணும்."

"எந்த மேட்டுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

ஹாலிஸ் துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தான். "நான் வந்து என்ன பண்ணப் போறேன் ட்ரூடி?"

"பாக்கப் போறீங்க. அவ்வளவுதான். மாவட்ட அரசு வக்கீல் கேக்கறது ஒரே கேள்வி. அந்த நேரத்துல, அந்த ஸ்கோப்ல, ராய்ஸ் தெரிஞ்சிருப்பானா மாட்டானா? தெரிஞ்சிருக்கவே முடியாதுன்னா அது விபத்து. பாத்திருக்கலாம், ஆனா இவன் பாக்காம சுட்டான்னு ஆச்சுன்னா, எல்டன் உள்ள போவான். இந்த ஊர்ல அந்தச் சாமானைப் பத்தி ஷெரிஃப் ஆபீஸ்ல உக்காந்து சொல்றதுக்கு உங்களை விட்டா ஆள் யாரு?"

"எல்டன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. 'நான்தான் சுட்டேன், எழுதிக்கோங்க'ங்கறான். அதையே சொல்லிட்டிருக்கான்."

ஆக, ஐம்பத்தாறு வயசு எல்டன் ஜெயிலில் கிடப்பதும் வீட்டில் கிடப்பதும் ஹாலிஸின் ரெண்டு கண்ணிலும் ஒரு வாயிலும் வந்து நின்றது. போதாக்குறைக்கு அவனும் எல்டனும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

ட்ரூடி போன பிறகு ஹாலிஸ் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஆகஸ்ட் மாதத்து அந்த மதியம் கண்முன்னால் வந்து நின்றது. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளினாலும் வந்தது.

எல்டனும் ராய்ஸும் நாற்பது வருஷமாக ஒரே இடத்தில், ஒரே மாதிரி வேட்டையாடுகிறவர்கள். எல்டன் மேட்டில் அந்தத் தட்டைப் பாறைமேல் உட்காருவான். ராய்ஸ் கீழே மரங்களுக்குள் பூனை மாதிரி நடப்பான். அவன் வாடை பட்டு எல்க் புல்வெளிக்கு நகர்ந்து வரும். ரெண்டு பேர் துப்பாக்கியிலும் அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்த பழைய ஸ்கோப். நாலு மடங்குதான் காட்டும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. விசில், வாக்கி டாக்கி, எதுவும் கிடையாது. பொழுது சாயும்போது ஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். இருட்டாகிவிட்டதா? வேட்டை முடிந்தது. எல்டன் தோட்டாவைக் கழற்றிவிடுவான். ராய்ஸ் மரங்களை விட்டு நேராகப் புல்வெளி வழியாக நடந்து வருவான். ரெண்டு ஸ்கோப்பும் ஒரே நிமிஷத்தில் இருண்டுவிடும் என்பதால் அவர்களுக்குள் பேச்சே தேவைப்படவில்லை. ஊருக்கே தெரிந்த விஷயம் இது. ஹாலிஸுக்கும் தெரியும். நன்றாகத் தெரியும்.

போன வருஷம் வேட்டைக் காலத்தின் கடைசி நாள், இதே புல்வெளியில் ஒரு பெரிய கொம்பன் வந்து நின்றது. வெறும் கண்ணுக்கு நிழலாகத் தெரிந்தது. ஸ்கோப்பில் பார்த்தால் கரி. எல்டன் சுடவில்லை. அந்தக் குளிர்காலம் மர அறுவை மில்லில் பாதி ஆளை நிறுத்தினார்கள், அதில் எல்டனும் ஒருத்தன். வீட்டு ஃப்ரீசரில் கறி இல்லை. தேவாலயத்தில் கொடுத்த டப்பா மீனைத் தின்றே ஏப்ரல் வரை ஓட்டினான். அந்தக் கொம்பனை அவன் மறக்கவேயில்லை.

ஆகஸ்டில் படகை விற்றுவிட்டு, காசைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தான். கூடவே ராய்ஸும் வந்தான், கேலி பண்ணுவதற்கென்றே.

"ஏண்ணே, படகை வித்துட்டே. இனிமே இந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்தா மீன் பிடிக்கப் போறே?"

"வாயை மூடுடா. உனக்கு என்ன தெரியும்."

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அப்பா குடுத்த ஸ்கோப்லயே முப்பத்தி ரெண்டு எல்க் சுட்டது மட்டும்தான் தெரியும். ஹாலிஸு, மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு. இது அந்தக் காசு பெறுமா?"

ஹாலிஸ் மனசாட்சியைத் தொடவில்லை. ஸ்கோப்பைத்தான் தொட்டான். துணிப்பையிலிருந்து எடுத்து, குழந்தையைக் கொடுப்பது மாதிரி எல்டன் கையில் கொடுத்தான்.

"இங்க பாரு எல்டன். நல்ல வெளிச்சத்துல இருநூறு டாலர் சாமானும் இதுவும் ஒண்ணுதான், நான் பொய் சொல்ல மாட்டேன். நீ காசு குடுக்கறது கடைசிப் பத்து நிமிஷத்துக்கு. மத்தவன் ஸ்கோப் இருட்டானதுக்கு அப்புறம் உனக்கு மட்டும் பத்து நிமிஷம் பகல் இருக்கும். பெரிய கொம்பனெல்லாம் எப்ப வெளிய வரும்? உனக்கே தெரியும்."

எல்டனுக்குத் தெரியும். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஸ்கோப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டு தெருக்கோடியில் இருந்த பெட்ரோல் பங்க்கைப் பார்த்தான். ஸ்கோப்பின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அஞ்சு மடங்கிலிருந்து பதினெட்டு மடங்கு வரை போகும் வளையம்.

"இதை எதுல வச்சுக்கறது ஹாலிஸு? நான் நாலுலயே பழகினவன்."

அப்போதுதான் ஹாலிஸ் அதைச் சொன்னான். ஆறு வருஷமாக, விலை கூடின ஸ்கோப் வாங்குகிற ஒவ்வொருத்தனிடமும் சொல்கிற ஜோக்.

"பதினெட்டுக்குக் காசு குடுத்துட்டு அஞ்சுலயா வச்சுப் பாப்பே?"

கவுண்டரில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். ராய்ஸ்கூடச் சிரித்தான். எல்டன் வளையத்தைக் கடைசிவரை திருப்பி, அங்கேயே விட்டான்.

ஹாலிஸின் சொந்தத் துப்பாக்கி கடைக்குப் பின்னால் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் வளையம் எப்போதும் குறைந்த எண்ணில்தான் இருக்கும். பரந்து தெரிய வேண்டும், நடக்கும்போது எது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் கூட்ட வேண்டும். வேட்டைக்குப் போகிற எவனுக்கும் அது தெரியும். ஆனால் நாலு மடங்கு ஸ்கோப்பிலேயே நாற்பது வருஷம் ஓட்டினவனுக்கு வளையமே புதுசு. அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியவன் ஜோக் அடித்தான். விற்பனை முடிகிற நேரத்தில் எவனாவது பாடம் நடத்துவானா?

சாயங்காலம் ஆறேகாலுக்கு ட்ரூடியின் வண்டி மேட்டில் ஏறியது. தட்டைப் பாறை அப்படியே இருந்தது. அதன் அடியில் எல்டன் கால் ஊன்றிய இடத்தில் புல் மடங்கிக் கிடந்தது. கீழே, இருநூற்று அறுபது கெஜத்தில், ஒட்டுப்பலகையில் வெட்டிய எல்க் ஒன்றை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். டானர் என்ற இன்னொரு துணை ஷெரிஃப் ராய்ஸ் போட்டிருந்தது மாதிரியே ஒரு பழுப்புக் கேன்வாஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு மரக்கூட்டத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தான். வேட்டைக்காரர்கள் மற்றவர் கண்ணில் படும்படி ஆரஞ்சுச் சட்டை போட வேண்டும் என்று இடாஹோ மாநிலத்தில் சட்டம் இல்லை. ராய்ஸ் எதற்குப் போடப் போகிறான்?

ட்ரூடி ரெண்டு துப்பாக்கிகளையும் எடுத்தாள். ரெண்டிலும் சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றியிருந்தார்கள். முதலில் ராய்ஸின் துப்பாக்கியைப் பாறைமேல் வைத்தாள்.

"ஆறு ஐம்பதுக்கு இதுல பாருங்க."

ஹாலிஸ் பார்த்தான். முதலில் புல்வெளி சாம்பலாகத் தெரிந்தது. அப்புறம் மரங்களும் புல்லும் ஒன்றாகிவிட்டன. ஆறு ஐம்பத்து மூன்றுக்கு ஒன்றுமே இல்லை.

"கரி" என்றான்.

"ராய்ஸுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவன் வாயில கேரமல் மிட்டாய் இருந்தது ஹாலிஸ். மிட்டாய்த்தாள் கையில இருந்தது."

ஹாலிஸுக்கு அதன் அர்த்தம் புரிந்தது. ராய்ஸ் வேட்டை நடக்கும்போது மிட்டாய் உரிக்க மாட்டான், தாள் சத்தம் போடும். முடிந்த பிறகுதான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சட்டைப்பையில் அண்ணனுக்கு ஒன்றையும் வைத்துக்கொண்டு வருவான். வேட்டை முடிந்துவிட்டது என்று அவன் நம்பித்தான் வெளியே வந்தான். அண்ணனுக்கு மட்டும் இன்னும் பத்து நிமிஷம் பகல் மிச்சம் இருந்தது அவனுக்குத் தெரியாது.

ஏழு மணிக்கு ட்ரூடி எல்டனின் துப்பாக்கியை வைத்தாள். சுடுவதற்குச் சட்டம் அனுமதிக்கிற நேரம் முடிய இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அந்த விஷயத்தில் எல்டன் மேல் தப்பே இல்லை.

"வளையத்தை நாங்க தொடல. அன்னைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு."

ஹாலிஸ் குனிந்து பார்த்தான். வெள்ளைப் புள்ளி பதினெட்டில் நின்றது.

கண்ணை வைத்தான். ஐயோ, என்ன வெளிச்சம்! ஒட்டுப்பலகை எல்க் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பலகையின் ரேகை தெரிந்தது. முட்டுக்கொடுத்த ஆணியின் தலை தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அந்தி, கண்ணாடிக்குள் மதியம். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவன் மனசு பூரித்துப் போனது. 'பாத்தியா, நான் சொன்னேன்ல' என்று உள்ளுக்குள் யாரோ சொன்ன மாதிரி இருந்தது. அடுத்த நொடி அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

"எல்க் தெரியுது. நல்லாவே தெரியுது."

"டானர்?"

"இல்ல."

"நல்லா பாருங்க. அங்கதான் நிக்கறான். எல்க்குக்குப் பின்னால, இடது பக்கம், நாலஞ்சு எட்டு தள்ளி."

ஹாலிஸ் பார்த்தான். வட்டம் முழுக்க எல்க். அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் தண்ணீரில் கரைந்த மாதிரி ஒரு பழுப்புக் குழம்பு.

"வட்டத்துக்குள்ளயே இல்ல ட்ரூடி. எல்டனால பாத்திருக்கவே முடியாது."

ட்ரூடி எழுதிக்கொண்டாள். பிறகு, "அஞ்சுல வச்சுப் பாருங்க" என்றாள்.

அவனுக்குக் கை வரவில்லை. குளிரில் விறைத்துப்போன விரலால் வளையத்தைத் திருப்பினான். எல்க் சின்னதாகிப் பின்னால் போனது. புல்வெளி விரிந்தது. மரங்கள் விரிந்தன. மரங்களுக்கு முன்னால், வெளிச்சத்தில் நிறுத்தி வைத்த மாதிரி, டானர் நின்றான். கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

"தெரியறானா?"

"ம்."

"சத்தமா சொல்லுங்க, எழுதணும்."

"தெரியறான். சூயிங்கம் மெல்லுறான். வாய் அசையறதுகூடத் தெரியுது."

ட்ரூடி அதையும் எழுதிக்கொண்டாள். பேனாவை மூடினாள்.

"இதான் எனக்குப் புரியல. பதினெட்டுல தெரியாது, சரி. ஆனா நாப்பது வருஷம் வேட்டையாடினவன் எதுக்குப் பதினெட்டுலயே வச்சுட்டு உக்காந்திருந்தான்? கீழ தம்பி நடக்கறான்னு தெரியும். எங்கப்பா எனக்கு முதல் நாளே சொன்னாரு, குறைச்சு வச்சுக்கோன்னு. வக்கீல் இதைத்தான் பிடிப்பாரு. அவனா ஒரு அலட்சியத்துல வச்சிருந்தான்னா அவன் தலையில விழும். விவரம் தெரிஞ்சவங்க யாராவது அப்படி வச்சுக்கச் சொல்லியிருந்தாங்கன்னா கதை வேற. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

அந்த இடத்தில் ஹாலிஸ் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரிதான். ஆனால் அவன் கண்முன்னால் கடையின் பெயர்ப்பலகை வந்தது, அது இல்லாத ஜன்னல் வந்தது, தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆட்கள் வந்தார்கள். மனுஷன் எவ்வளவு சின்னவன் என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் தெரியும்.

"தெரியல" என்றான்.

சனிக்கிழமை காலை அவன் எல்டன் வீட்டுக்குப் போனான். ராத்திரி கண்ணை மூடினால் டானரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எல்டனின் மனைவி நேடா கதவைத் திறந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை, வேறொன்று சொன்னாள்.

"ஹாலிஸ், அந்தக் கறியை எடுத்துட்டுப் போயேன். புண்ணியமாப் போகும்."

அந்தக் கொம்பனின் கறி. அன்றைக்கு ராய்ஸைத் தூக்கிக்கொண்டு இறங்கின அதே ஆட்கள் மறுநாள் காலையில் திரும்ப மேலே போய், செத்துக் கிடந்த எல்க்கை வெட்டி, தோளில் சுமந்து கொண்டுவந்தார்கள். சுட்ட மிருகத்தின் கறியை மலையில் அழுக விட்டால் குற்றம். அதோடு இந்த ஊரில் யாருக்கும் அப்படி விட்டுவர மனசும் வராது. ஹாலிஸே ஒரு பின்னங்கால் சுமந்தான். கேட்டுப் பார்க்காமல் எல்டன் வீட்டு ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போய்விட்டார்கள். ஃப்ரீசர் நிரம்பிவிட்டது. ரெண்டு குளிர்காலத்துக்குக் காணும்.

"யாரு வாயில வைப்பா அதை? நீயே சொல்லு. அவரு அந்தப் பக்கமே போக மாட்டேங்கறாரு. ஃப்ரீசர் மோட்டார் ஓடற சத்தம் கேட்டாலே எந்திரிச்சு வெளிய போயிடறாரு."

எல்டன் பின்பக்கம் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்திருந்தான். நாலு நாள் தாடி. ஹாலிஸைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான். அந்த ஒரு செயலே ஹாலிஸை அறைந்த மாதிரி இருந்தது.

"ட்ரூடி கூட்டிட்டுப் போனாளாமே."

"ஆமா."

"எங்கிட்டயும் கேட்டா. ஏன் பதினெட்டுல வச்சேன்னு." எல்டன் கீழே கிடந்த மரப்பட்டை ஒன்றை எடுத்து உடைத்தான். "யாரும் சொல்லல, நானாத்தான் வச்சேன்னுட்டேன்."

ஹாலிஸ் வாயைத் திறந்தான். எல்டன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எனக்கு ஞாபகம் இருக்குடா. ராய்ஸு சிரிச்சது வரைக்கும் ஞாபகம் இருக்கு. அதுக்காக உன்னை எதுக்கு இழுக்கணும்? ஜோக்கு நீ சொன்னே. விசையை அழுத்தினது நான். உன் கடையை மூடினா அவன் எந்திரிச்சு வரவா போறான்?"

"எல்டன்..."

"கொம்பன் வந்து நின்னதும் எனக்கு ஒரே சந்தோஷம்டா. போன வருஷம் போனது திரும்ப வந்த மாதிரி. பத்து நிமிஷம் பகல் இருக்குன்னு நீ சொன்னியே, நெசமாவே இருந்துச்சு. மயிர்கூடத் தனித்தனியாத் தெரிஞ்சுது. அவன் ஸ்கோப்பு இருண்டிருக்கும், அவன் வந்திட்டிருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல. உள்ள பட்டப்பகலா இருக்கு, எப்படித் தோணும்? நாப்பது வருஷம்! ஒரு தடவைகூட மறந்ததில்ல, நாசமாப் போச்சு."

அவன் அழவில்லை. அழுதிருந்தால் ஹாலிஸுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கடைக்காரனா சொல்லாதே. அஞ்சுல வச்சிருந்தா அவன் தெரிஞ்சிருப்பானா?"

இல்லை என்று சொல்ல ஹாலிஸுக்கு ஆசையாக இருந்தது. அஞ்சிலும் இருட்டுதான், அந்தச் சாமானே சும்மா ஏமாத்து வேலை, அத்தனை காசும் தெண்டம் என்று சொல்லிவிட்டால் இந்த மனுஷன் இன்றைக்கு ராத்திரி தூங்குவான். ஆறு வருஷமாக அந்தக் கவுண்டரில் நின்று எத்தனையோ சொன்னவன்தானே. ஆனால் அஞ்சில் தெரிந்தது என்பது ட்ரூடியின் தாளில் ஏறிவிட்டது. நாளைக்குக் கோர்ட்டில் எவனோ ஒருத்தன் படிக்க, எல்டன் நின்று கேட்பான்.

"தெரிஞ்சிருப்பான்" என்றான். "டானர் சூயிங்கம் மென்னுட்டு நின்னான். வாய் அசையறது தெரிஞ்சுது."

எல்டன் தலையை ஆட்டினான். வெகுநேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"அப்போ காசுக்கேத்த சாமான்தான்" என்றான்.

ஹாலிஸ் அங்கிருந்து எப்படி எழுந்து வந்தான் என்பது அவனுக்கே தெரியாது. வண்டியை நேராக ஷெரிஃப் அலுவலகத்துக்கு விட்டான். ட்ரூடி மேஜையில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னான்: ஆகஸ்டில் எல்டன் கேட்டது, தான் சொன்னது, தன் துப்பாக்கியில் தான் எப்படி வைத்துக்கொள்வது, எல்லாவற்றையும். அவர்களின் வழக்கம் தெரிந்தும் பத்து நிமிஷத்தை விற்றதையும் சொன்னான்.

ட்ரூடி சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள். "நேத்து ஏன் சொல்லல?"

"பயம்."

"அவன் ஜெயிலுக்குப் போவான்னு தெரிஞ்சும்?"

"தெரிஞ்சும்தான்."

அவள் திட்டவில்லை. காகிதத்தை எடுத்து, அவன் சொன்னதை வார்த்தை வார்த்தையாக எழுதிக் கையெழுத்து வாங்கினாள். "வக்கீல் என்ன பண்ணுவாருன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இதைப் படிச்சா நிச்சயம் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிப்பாரு. எல்டனுக்கு இது உதவும். உங்களுக்கு உதவாது." பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு கேக்கறேன். இந்த ஜோக்கை இதுவரைக்கும் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கீங்க?"

ஹாலிஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

கடைக்கு ஓடினான். ஓடினான் என்றால் நிஜமாகவே ஓடினான், வண்டி நிறுத்தின இடத்திலிருந்து. கதவில் 'மூடியிருக்கிறது' அட்டையைத் திருப்பிவிட்டு, வாரண்டி அட்டைகள் இருந்த தகர டப்பாவைக் கவுண்டரில் கொட்டினான். பெயரும் போன் நம்பரும் இருந்தன. நாற்பத்தியொரு அட்டை. சீசன் முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது, அன்றைக்குச் சனிக்கிழமை. நாற்பத்தியொரு பேரில் எத்தனை பேர் இப்போது மலைமேல் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே போனை எடுத்தான்.

முதல் ஆள் எடுக்கவில்லை. ரெண்டாவது ஆளின் மனைவி எடுத்தாள். "அவரு காலையிலயே போயிட்டாரே." மூன்றாவது ஆள் எடுத்து, பொறுமையாகக் கேட்டு, "சரி ஹாலிஸ்" என்றான், அந்தச் சரியில் ஒரு குளிர் இருந்தது. அப்புறம் பதிவு செய்த குரல்கள், வரிசையாக. எடுக்காதவர்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொன்றிலும் ஒரே விஷயத்தைச் சொன்னான். வளையத்தைக் குறைச்சு வச்சுக்கோ. கூட வந்தவன்கிட்ட எப்ப நிறுத்தப் போறேன்னு சொல்லு. நான் அன்னைக்குச் சொன்னதை மறந்துடு. கடை ஜன்னலில் வெயில் சரிந்து, கம்பளத்தில் நீண்டு, மெல்ல மங்கிப்போனது. விளக்கைப் போட அவனுக்குத் தோன்றவில்லை.

இருபத்தாறாவது அட்டை டாரெலுடையது. ரெண்டு தடவை மணி அடித்ததும் எடுத்துவிட்டான். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"யாருப்பா இந்த நேரத்துல?"

"டாரெல், நான் ஹாலிஸ். எங்க இருக்கே?"

"எங்க இருப்பேன், மேட்டுலதான். மெதுவாப் பேசு. கீழ என் மருமகன் மரத்துக்குள்ள எல்க்கை ஓட்டிட்டு வரான். இப்ப எந்த நிமிஷமும் வெளிய வரும்."

"டாரெல், சொல்றதைக் கேளு. ஸ்கோப் வளையத்தை அஞ்சுக்குத் திருப்பு. இப்பவே. மருமகனுக்கு என்ன ஸ்கோப்பு? அவனுக்கு இருட்டாயிடுச்சுன்னா அவன் வெளிய வந்துடுவான். எல்டனுக்கு நடந்தது..."

"எல்டன் அவசரக்குடுக்கைப்பா. நான் அப்படியா?" டாரெல் மெல்லச் சிரித்தான். அடக்கின சிரிப்பு, மூக்கு வழியாக வந்தது. "பதினெட்டுக்குக் காசை வாங்கிட்டு இப்ப அஞ்சுல பாக்கச் சொல்றே பாரு. இரு இரு, ஏதோ அசையுது."

தொடர்பு அறுந்தது. ஹாலிஸ் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். ஆறு ஐம்பத்தைந்து. ராய்ஸின் ஸ்கோப் கரியான நேரம் தாண்டி ரெண்டு நிமிஷம். அதே நம்பரைத் திரும்பப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.